சுமைதாங்கிக் கல்: இறக்கிவைக்க ஓர் இடம்

தோற்றுவாய்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் அண்மையில் அமைந்த சிற்றூர் மகாராஜபுரம். நெல்லும் தென்னையும் மாவும் செழிக்கும் மண் இது. சதுரகிரி மலைக்கு ஏறுவோர் செல்லும் தாணிப்பாறை வழி இவ்வூரை ஒட்டியே செல்கின்றது. மலைமேல் வண்டி செல்லும் பாதை இல்லை. சுந்தர மகாலிங்கர் சந்நிதியில் அன்னதானத்திற்கு வேண்டிய அரிசியும் பருப்பும் எண்ணெயும் மனிதர் தலையிலும் தோளிலும் ஏறியே மேலே செல்கின்றன. அடிவாரத்து வயல்களிலும் தோப்புகளிலும் இதே காட்சியைக் காணலாம். உரித்த தேங்காய் ஒன்று ஏறத்தாழ அரைக் கிலோ எடை உடையது. நூறு காய் கட்டிய மூட்டை ஐம்பது கிலோவைத் தொடும். அம்மூட்டை தோப்பின் நடுவிலிருந்து வண்டி நிற்கும் பாதைவரை வருவது பெரும்பாலும் ஒருவர் முதுகில்தான்.

இத்தகைய சுமைகளைத் தூக்குவதிலும் இறக்குவதிலும் உழவர்க்கு நேரும் ஊறு பழமையானது. இடுப்பு பிடித்தல், கழுத்து நோதல், முட்டி தேய்தல், வரப்பில் வழுக்கி விழுதல் ஆகியன உழைப்பின் இயல்பான கூலியைப் போலவே ஏற்கப்பட்டு வந்துள்ளன. ஆயினும் தமிழ்ச் சமூகம் இவ்வூற்றைக் கண்டும் காணாதிருந்தது என்று கூறிவிட இயலாது. அதற்கெனவே ஒரு கல்லை நட்டு, அக்கல்லுக்கு ஒரு பெயரையும் இட்டது. அதுவே சுமைதாங்கி. அக்கல்லின் வரலாற்றை நோக்குவதும், அது உணர்த்தும் அறிவு இன்றைய வயலுக்கும் களத்துக்கும் எவ்வாறு பொருந்தும் என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம் ஆகும்.

கல்லின் அமைப்பும் பயனும்

செங்குத்தாக நட்ட இரண்டு கற்களும், அவற்றின்மேல் கிடையாக வைத்த ஒரு பலகைக் கல்லும் சேர்ந்ததே சுமைதாங்கி. சில இடங்களில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு மேடையாகவும் கட்டியுள்ளனர். உயரம் பெரும்பாலும் நான்கடி முதல் ஐந்தடி வரை இருக்கும். பெருவழியின் ஓரத்திலும், மரநிழலிலும், குளக்கரையிலும், சத்திரத்தின் அருகிலும் இதனை நிறுத்தினர். சுமையும் களைப்பும் மிகும் இடத்தில், நிழலும் நீரும் கிடைக்கும் இடமாகப் பார்த்து நட்டனர் எனலாம்.

மதுரையிலிருந்து திருமங்கலம், திருவில்லிபுத்தூர், இராசபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் சாலை இவ்வட்டாரத்தின் முதன்மையான வழி ஆகும். உந்துவண்டி வருமுன் தமிழகத்தின் சாலைகளில் மாட்டுவண்டியும் பொதிமாடும் சென்றன. அவற்றோடு, வண்டிக்கு வகையற்ற எளியோரும் தலைச்சுமையோடு நடந்தனர். 1689 முதல் 1706 வரை மதுரை நாட்டை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்த செய்தி தென்னாட்டு மக்கள் நினைவில் இன்றும் நிலைத்துள்ளது. சத்திரம் வழிப்போக்கரின் பசிக்கும் உறக்கத்திற்கும் ஆனது. சுமைதாங்கி அவர்தம் முதுகிற்கும் கழுத்திற்கும் ஆனது.

இக்கல்லின் பயனை உணர, தலைச்சுமையின் இயல்பை முதலில் உணர வேண்டும். தலையில் ஏறிய சுமையோடு சமதளத்தில் நடப்பது பழகியவர்க்கு ஓரளவு எளிது. சுமை உடலின் நேர்க்கோட்டில் நிற்பதே காரணம். இடர் நேர்வது ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான். தலையிலுள்ள கட்டைத் தனியே தரையில் இறக்குபவர், அதனை முன்னே கொணர்ந்து, முதுகை வளைத்து, கையை நீட்டிய நிலையில் தாங்கவேண்டி வரும். மீண்டும் ஏற்றும்போது தரையிலிருந்து தலைவரை அதே வளைவில் தூக்கவேண்டும். சுமைதாங்கி இவ்விரு செயல்களையும் நீக்குகின்றது. சுமப்பவர் கல்லின் அருகே சென்று, சற்றே தாழ்ந்து, சுமையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும். மீண்டும் புறப்படும்போது அதே போலத் தலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். குனிய வேண்டுவதில்லை; பிறர் துணையும் வேண்டுவதில்லை.

முன்னோர் பட்டறிவால் கண்ட இவ்வுண்மையை இக்கால அறிவியல் எண்களால் விளக்குகின்றது. அமெரிக்க நாட்டின் தேசியத் தொழிற்பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் 1991-இல் திருத்தியமைத்த தூக்குதல் வாய்பாடு ஒன்று உண்டு. எல்லாம் சாதகமாக அமைந்த நிலையிலும் இரு கைகளால் தூக்கும் சுமைக்கு 23 கிலோவை அது மேல்வரம்பாகக் கொள்கின்றது. கால்களின் நடுவிடத்திலிருந்து சுமை 25 சென்டிமீட்டர் தொலைவுக்குள் இருந்தால்தான் அவ்வளவும் பொருந்தும். தொலைவு 50 சென்டிமீட்டர் ஆனால் வரம்பு பாதியாகி 11.5 கிலோவாகின்றது. தரையிலிருந்து ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது தொங்கவிட்ட கை இயல்பாக எட்டும் உயரத்தில் சுமை இருப்பதே நன்று. அதைவிடத் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும், உடலைத் திருகித் தூக்கினாலும், அடிக்கடி தூக்கினாலும் வரம்பு மேலும் குறைகின்றது. கைச்சுமைக்கு இடுப்புயரம், தலைச்சுமைக்குத் தோளுயரம், எச்சுமைக்கும் தரை ஆகாது என இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

பழம்பாடல்களில் சுமை

சங்கப் புலவர்கள் சுமையை வெறும் காட்சியாகக் கண்டவர்கள் அல்லர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி ஏற்றிய கழுதைச் சாத்து வருகின்றது. இருபுறமும் எடை ஒத்துப் பொதி கட்டப்பட்டிருந்ததைக் கூறும் புலவர், பொதி சுமந்து சுமந்து அவ்விலங்குகளின் முதுகில் ஆழப் பதிந்த வடுவையும் கூறுகின்றார். எடையைச் சமப்படுத்தும் தொழில்நுட்பமும், அத்தொழில்நுட்பம் இருந்தும் தவிராத புண்ணும் ஒருங்கே பதிவாகியுள்ளமை நோக்கத்தக்கது. இப்புலவரே பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலை முற்றத்தில் புலிச்சின்னம் பொறித்த பொதிகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அங்கே பயிலும் மூடை என்னும் சொல்லே இன்று நாம் வழங்கும் மூட்டை. அம்மூடைகளைக் கப்பலிலிருந்து இறக்கிக் கரையில் அடுக்கியவர் பெயர் அறிந்திலோம். அவர்தம் உழைப்பு அக்குவியலில் தெரிகின்றது.

புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்று உப்பு வாணிகரின் வண்டியைப் பற்றியது. மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் அச்சு முறியலாம் என அஞ்சி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு உமணர் சென்றனர் என்னும் செய்தியை அதிலிருந்து பெறுகின்றோம். சுமை ஏறுமுன்னரே கேட்டினை எண்ணிப் பார்க்கும் மரபு அது. திருக்குறளின் வலியறிதல் அதிகாரமும், மயிலிறகே ஆயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு ஒடியும் என எச்சரிக்கின்றது. அரசியலுக்குச் சொன்ன உவமை ஆயினும், அதன் உண்மை மனித முதுகெலும்புக்கும் முற்றும் பொருந்தும். ஒருநாள் சுமந்த ஒரு மூட்டையால் வரும் கேட்டினும், நாள்தோறும் சிறிது சிறிதாக மிகைப்படும் சுமையால் வரும் கேடு பெரிது. அச்சு ஒடியும் நாள்வரை வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஈண்டு ஒரு சொல்லையும் கருதவேண்டும். பொறை என்னும் சொல் தமிழில் சுமையையும் குறிக்கும், பொறுமையையும் குறிக்கும். சுமப்பதும் பொறுப்பதும் ஒரே வேரில் கிளைத்தவை. இச்சொல்வளம் மொழிக்குப் பெருமை சேர்ப்பதே. ஆயினும், சுமப்பவர் பொறுக்கத்தான் வேண்டும் என்ற எண்ணத்திற்கும் அது துணைபோகலாகாது. சுமைதாங்கிக் கல்லை நட்டவர்கள் அந்த எண்ணத்தோடு நின்றுவிடவில்லை. பொறுமையைப் போற்றிய சமூகமே, சுமையை இறக்க இடமும் அமைத்தது.

சும்மாடும் காவடியும்

கல்லைத் தவிர வேறு உத்திகளையும் உழவர் கையாண்டனர். முதலாவது சும்மாடு. தலைப்பாகைத் துணியையோ பழஞ்சீலையையோ வைக்கோற் புரியையோ வட்டமாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொள்வது இது. எடை ஓரிடத்தில் குத்தாமல் பரவவும், சுமை ஆடாமல் அமரவும் இது உதவுகின்றது. இரண்டாவது காவடி. தோளில் வைத்த தடியின் இருமுனையிலும் எடை ஒத்த சுமையைத் தொங்கவிட்டுச் செல்வது. ஒருபக்கச் சுமையால் முதுகு கோணாதிருக்க இது வகைசெய்தது. பாரம் மிக்க மரத்தையும் கல்லையும் வடக்கயிறு பூட்டிப் பலர் சேர்ந்து இழுத்தனர். உருளை மரங்களை அடியிலிட்டு நகர்த்தினர். தூக்குவதைவிட உருட்டுவதும், உருட்டுவதைவிட வண்டியில் ஏற்றுவதும் மேல் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

வண்டி இருந்தவர்க்கு இது எளிதாயிற்று. ஆனால் சிற்றூரில் எல்லாரிடமும் வண்டி இருந்ததில்லை. நிலமுடையவர் வீட்டில் வண்டியும் மாடும் நின்றன. கூலிக்கு உழைத்தவர் தலையில் சும்மாடு நின்றது. கதிர்க்கட்டை வயலிலிருந்து களத்துக்கும், எருக்கூடையைத் தொழுவத்திலிருந்து வயலுக்கும் பெரும்பாலும் பெண்களே சுமந்தனர். நெல் மூட்டையை ஆண்கள் முதுகில் ஏற்றினர். சுமையின் வரலாறு என்பது யார் சுமந்தார் என்பதன் வரலாறும் ஆகும்.

சுமையை ஏற்றிக்கொள்ள மற்றொருவர் கை தேவை. வழியில் எதிர்ப்படுபவரை, "ஒரு கை கொடுங்க" எனக் கேட்பதும், கேட்கப்பட்டவர் தம் வேலையை நிறுத்திவிட்டுத் தூக்கிவிடுவதும் நாட்டுப்புற நல்வழக்கு. எனினும் யாருடைய சுமையை யார் தொட்டுத் தூக்கிவிடலாம் என்பதில் சாதி குறுக்கிட்ட காலமும் இருந்தது. கை கொடுக்க ஆளில்லாத இடத்திலும், கை கொடுக்க மனமில்லாத இடத்திலும் கல் கை கொடுத்தது. கல்லுக்குச் சாதி இல்லை. அக்கல் நின்ற எல்லா வழிகளிலும் எல்லாரும் நடக்க இயன்றதா என்னும் வினாவையும் இங்கு மறைத்தல் ஆகாது. அறச்செயலின் பெருமையைப் பேசும்போது அதன் எல்லையையும் பேசுவதே வரலாற்று நேர்மை ஆகும்.

கருவுற்றிருந்தவளின் நினைவு

சுமைதாங்கிகளில் பல நினைவுக்கற்கள் ஆகும். கருவுற்ற நிலையில் அல்லது பேற்றின்போது இறந்த பெண்ணின் நினைவாக, அவளுடைய குடும்பத்தார் இக்கல்லை நாட்டுவது தமிழகத்தில் பரவலான வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே மறைந்தவளின் உயிர் அச்சுமையால் வருந்தும் என்றும், வழிச்செல்வோர் தம் சுமையை அவள் பெயரால் நின்ற கல்லில் இறக்கி இளைப்பாறும்போதெல்லாம் அவள் துயரும் தணியும் என்றும் மக்கள் நம்பினர்.

இந்நம்பிக்கையின் அடியில் ஒரு மொழி உண்மை உள்ளது. தமிழில் மூட்டையையும் சுமக்கின்றோம், பிள்ளையையும் சுமக்கின்றோம். ஈன்ற தாயைச் சுமந்து பெற்றவள் என்கின்றோம். இவ்விரு சுமைகளும் ஒரே உடலில் சேர்ந்த நிலையை உழவுத்தொழிலில் ஈடுபட்ட பெண்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். நிறைமாதத்திலும் கதிர்க்கட்டு சுமந்தவர் பலர். பேறு முடிந்து உடல் தேறுமுன் களத்துக்கு வந்தவரும் பலர். போரில் இறந்த வீரனுக்கு நடுகல் நட்ட சமூகம், பேற்றில் இறந்த பெண்ணுக்குச் சுமைதாங்கி நட்டது. வீரனின் கல்லை மக்கள் வணங்கினர். இவளுடைய கல்லைப் பயன்படுத்தினர். இறந்தவளின் துயரை உயிருள்ளோரின் உடல் நலமாக மாற்றிய இவ்வழக்கம் தமிழர் ஈகையுள் தனித்துப் போற்றத்தக்கது.

இதே உண்மையை உலக அரங்கு பின்னாளில் சட்ட மொழியில் கூறியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் ஒருவர் சுமக்கத்தக்க பெரும எடை குறித்த 127-ஆம் உடன்படிக்கையையும் 128-ஆம் பரிந்துரையையும் வெளியிட்டது. வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்பட்டிருந்தால் அதனை விரைந்து அந்த அளவிற்குக் குறைக்கவேண்டும் என்பது பரிந்துரையின் கூறு. பெண்களுக்கும் இளையோர்க்கும் வரம்பு அதனினும் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். கருவுற்ற காலத்திலும், பேற்றுக்குப் பின் பத்து வாரங்களிலும், தாய்க்கோ சேய்க்கோ ஊறு நேரும் என மருத்துவர் கருதினால், அப்பெண்ணைச் சுமை தூக்கும் பணியில் அமர்த்தலாகாது என்றும் அது கூறுகின்றது. கல்லில் தொடங்கிய கவலை தாளில் ஏறிய இடம் இது.

பிற நிலங்களில்

சுமைதாங்கி தமிழகத்தின் எல்லைக்குள் அடங்கியது அன்று. கேரளத்தில் இதனை அத்தாணி என்பர். கொச்சி விமான நிலையத்தை அடுத்த ஊரின் பெயரே அத்தாணி என்பதாகும். தமிழகத்திலும் காவேரிப்பாக்கத்தை அடுத்துச் சுமைதாங்கி என்னும் பெயரிலேயே ஓர் ஊர் உண்டு. யாழ்ப்பாணத்துப் பழஞ்சாலைகளில் மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக் கல்லும் ஒருங்கே அமைந்திருந்தன. மனிதர் தங்க மடம், தாகம் தணிக்கக் கேணி, சுமை இறக்கக் கல், மாடு தன் உடலை உரசித் தினவு தீர்க்க மற்றொரு கல் என ஈழத்தமிழர் அமைத்த இவ்வரிசை, உழைக்கும் உயிர்கள் அனைத்தையும் கருதிய அறவமைப்பு எனலாம்.

நேபாளத்து மலைவழிகளில் ஆல், அரச மரங்களின் அடியில் சௌதாரி எனப்படும் கல்மேடைகள் உள்ளன. முதுகில் கூடை சுமந்து வருவோர் கூடையை முழுதும் இறக்காமலே சாய்த்து இளைப்பாறும் உயரத்தில் அவற்றின் படிகள் அமையும். இலண்டன் மாநகரிலும் பிக்காடில்லி சாலையோரத்தில் சுமைக்காரருக்கென ஒரு மரப்பலகைத் தாங்கி 1861-இல் நிறுவப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த ஸ்லேனி என்பாரின் கருத்துரையால் அது நிறுவப்பட்டதெனக் கல்வெட்டுப் பலகை கூறும். தொலைவிலுள்ள நாடுகள் ஒன்றையொன்று பாராமலே ஒரே உயரத்தில் ஒரு பலகையை வைத்தமைக்கு மனித உடலின் பொதுமையே காரணம்.

மூட்டையின் எடை

சுமைதாங்கி சுமையை இறக்க இடம் தந்தது; சுமையின் எடையை அது குறைக்கவில்லை. எடையைக் குறைக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. தென்பாண்டி நாட்டில் நெல்லைக் கோட்டைக் கணக்கில் அளந்தனர். பிற்காலத்தில் உணவுத் தானியம் சணல் சாக்கில் அடைக்கப்பட்டது. அச்சாக்கு நெடுங்காலம் நூறு கிலோவை ஒட்டிய எடை கொண்டதாக இருந்தது. வணிகக் கணக்கிற்கு ஒரு சாக்கு ஒரு குவிண்டால் என்பது எளிது. சுமப்பவர் முதுகிற்கு அது எளிதன்று. தம் உடலெடையைவிட மிக்க எடையை ஒருவர் நாள் முழுதும் ஏற்றி இறக்கினார். பின்னர் 50 கிலோச் சாக்கு நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டையாகவே நெல் பிடிக்கப்படுகின்றது. தனியார் கொள்முதலில் அதனினும் பெரிய மூட்டைகள் வழக்கில் உள்ளன.

2018-இல் யூரியா மூட்டையின் எடை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. உரப் பயன்பாட்டைக் குறைப்பதே அதன் நோக்கம். உழவர் முதுகைக் காப்பது அன்று. எனினும் ஒரு மூட்டைக்கு ஐந்து கிலோ குறைந்தது ஒரு நன்மையே. மூட்டையின் எடை இயற்கை விதித்தது அன்று, மனிதர் முடிவு செய்வது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

சட்ட வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, ஊறு விளைக்கத்தக்க அளவு பாரத்தை எவரையும் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ வைக்கலாகாது என விதித்தது. அச்சட்டம் ஆலைக்குரியது, வயலுக்கும் களத்துக்கும் அதன் காப்பு எட்டவில்லை. தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. கேரளத்தில் 1978-ஆம் ஆண்டுச் சுமைதூக்கும் தொழிலாளர் சட்டம் வந்தது. அங்கு ஒருவர் சுமக்கத்தக்க எடையின் வரம்பை 75 கிலோவிலிருந்து 55 கிலோவாக 2021-இல் குறைத்தனர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2001-இல் வேளாண்மைப் பாதுகாப்பு, நலவாழ்வு குறித்த 184-ஆம் உடன்படிக்கையை வெளியிட்டது. எடையாலோ தன்மையாலோ ஊறு விளைக்கும் சுமையை வேளாண் தொழிலாளர் கையால் கையாள வேண்டிய நிலை இருத்தலாகாது என்பது அதன் ஒரு கூறு. இந்தியா ஏற்புறுதி செய்த உடன்படிக்கைகளின் வரிசையில் 127-உம் 184-உம் இடம்பெறவில்லை. சட்டம் ஆலையின் வாயிலோடு நின்றுவிட, களத்தின் நடுவே முதுகுகள் தனித்து நிற்கின்றன.

இன்றைய களத்தில்

கதிர் அறுக்கும் பொறி வந்தபின் கதிர்க்கட்டுச் சுமப்பது பெருமளவு குறைந்துள்ளது. வைக்கோலையும் பொறியே உருளையாகக் கட்டுகின்றது. ஆயினும் மூட்டை இருக்கின்றது; தேங்காயும் வாழைத்தாரும் மாம்பழக் கூடையும் உரமும் இருக்கின்றன. பொறி செல்லாத ஒடுங்கிய வரப்பும் இருக்கின்றது. எனவே சுமைதாங்கியின் பின்னிருந்த அறிவு இன்றும் தேவைப்படுகின்றது.

சுமையைத் தரையில் வைக்காதிருத்தல் அவ்வறிவின் முதற்கூறு. களத்தின் ஓரத்திலும் தோப்பின் வாயிலிலும் இடுப்புயரத்தில் ஒரு மேடை இருந்தால், மூட்டையை ஒவ்வொரு முறையும் தரையிலிருந்து தூக்க வேண்டுவதில்லை. வண்டியின் தட்டுக்கு ஒத்த உயரத்தில் ஏற்றுமேடை ஒன்று இருப்பின், தூக்குதல் நகர்த்துதலாக மாறும். பெருஞ்சுமையைப் பிரித்தல் இரண்டாவது. நூறு தேங்காயை ஒரு மூட்டையாகக் கட்டுவதைவிட ஐம்பது ஐம்பதாக இரு மூட்டை கட்டினால் நடை ஒன்று மிகும், முதுகு பிழைக்கும். பிடிப்பதற்குக் காதுபோல் மூலையை முடிந்து கட்டுவதும் நன்று. மூன்றாவது, சக்கரத்தைப் பயன்படுத்தல். மண் பாதைக்குப் பெரிய சக்கரமுள்ள தள்ளுவண்டி ஏற்றது. அதற்கு வழி ஒழுங்காக இருத்தல் வேண்டும். வழுக்கும் வரப்பும், குறுக்கே கிடக்கும் மட்டையும் மூட்டையின் எடையைவிடப் பெரிய பகையாதல் உண்டு.

தூக்கியே ஆகவேண்டும் எனின், முட்டியை மடக்கி, சுமையை உடலை ஒட்டி அணைத்து, இடுப்பைத் திருகாமல் பாதத்தைத் திருப்பித் தூக்குதல் வேண்டும். ஒருவர்க்கு மிகையானதை இருவர் சேர்ந்து, ஒரே குரலில் ஒரே நொடியில் தூக்குதல் வேண்டும். கருவுற்றவரையும், வளரும் பிள்ளைகளையும், முதியோரையும் சுமையிலிருந்து விலக்கல் வேண்டும். இவை செலவு மிக்க செயல்கள் அல்ல. 1990-களில் வியட்நாமின் மீகாங் கழிமுகத்து உழவர்கள் அண்டை வீட்டாரோடு கூடி, தத்தம் வேலையிடத்தைத் தாமே நோக்கி, இத்தகைய சிறு திருத்தங்களைச் செய்துகாட்டினர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வேளாண்மைக்கென 2012-இல் வெளியிட்ட கையேடும் இத்தகைய எளிய வழிகளையே வற்புறுத்துகின்றது.

கூலி கொடுக்கும் முறையும் இங்குக் கருதத்தக்கது. மூட்டைக்கு இவ்வளவு எனக் கூலி பேசும்போது, விரைந்து சுமப்பவருக்கே வருவாய் மிகும். இளைப்பாறும் நேரம் இழப்பாகத் தோன்றும். அந்நிலையில் முட்டியை மடக்கித் தூக்கு என அறிவுரை மட்டும் கூறுவது போதாது. மூட்டையின் எடை, மேடையின் உயரம், ஓய்வின் நேரம் ஆகிய மூன்றையும் தீர்மானிப்பவர் சுமப்பவர் அல்லர், சுமக்கச் செய்பவரே. ஆதலின் பொறுப்பும் அவரிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.

நிறைவுரை

சுமைதாங்கி என்னும் சொல் இன்று பெரும்பாலும் உருவகமாகவே வழங்குகின்றது. குடும்பத்தின் துன்பமெல்லாம் தாங்கும் மூத்த மகனையும், வாய்திறவாத தாயையும் சுமைதாங்கி என்கின்றோம். 1962-இல் ஸ்ரீதர் இயக்கத்தில் இப்பெயரில் வெளிவந்த திரைப்படமும் இவ்வுருவகத்தை மக்களிடையே நிலைபெறச் செய்தது. கவிதைகளிலும் அச்சொல் தியாகத்தின் மறுபெயராகப் பயில்கின்றது. சாலைகள் அகலப்பட்டபோது பல கற்கள் பெயர்த்தெறியப்பட்டன. எஞ்சியவை சுவரொட்டி ஒட்டும் இடமாயின. கல் மறைய, உருவகம் மட்டும் எஞ்சியது.

அவ்வுருவகம் கல்லின் தொழிலை மாற்றிச் சொல்கின்றது. சுமைதாங்கிக் கல் எவருடைய சுமையையும் வாழ்நாள் முழுதும் தாங்கியதில்லை. வந்தவர் சிறிது நேரம் இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, நீர் அருந்தி, முதுகு நிமிர்ந்து, பின் தம் சுமையைத் தாமே ஏற்றிச் செல்ல அது இடம் கொடுத்தது. ஒருவரே எல்லாவற்றையும் சுமப்பதைப் போற்றுவதற்கு அன்று, எவரும் அவ்வாறு சுமக்க வேண்டாம் என்பதற்கே அது நடப்பட்டது. சொல்லை ஆளும் கவிஞர்கள் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் நலம். தமக்கு அண்மையில் எஞ்சியுள்ள ஒரு கல்லேனும் பெயர்க்கப்படாமல் காப்பதும் இலக்கியத் தொண்டே ஆகும்.

அதனினும் மேலான தொண்டு ஒன்று உண்டு. அறுவடைக் காலத்தில் களத்து மேட்டிலும் தோப்பின் வாயிலிலும், இடுப்புயரத்தில் ஒரு மேடை கட்டுவது அது. நான்கு பேர் ஒருநாள் உழைத்தால் முடியும் வேலை. பேற்றில் இறந்த ஒருத்தியின் பெயரால் முன்னோர் செய்ததை, உயிரோடு உழைக்கும் பெண்களின் பெயரால் இனிச் செய்யலாம்.